கல்லூரி ஃபுட்பால் வீரர் வாங்கும் ஸ்பீடிங் டிக்கெட் ஏன் இவ்வளவு பெரிய செய்தியாகிறது?

கேள்வி இது: "அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பால் வீரர் ஒருவர் வேகமாகக் கார் ஓட்டி டிக்கெட் வாங்கினால்கூடச் செய்தி வருகிறது. ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறார்கள். இது நிஜமாகவே பெரிய விஷயமா, இல்லை ஊடகங்கள் ஊதிப் பெருக்குகின்றனவா? ஒரு மேட்சில் உட்கார வைத்தால் போதாதா?"

டிக்கெட்டில், அதாவது போலீஸ் கொடுக்கும் அபராதச் சீட்டில், எழுதியிருக்கும் எண்ணைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. 70 மைல் வேக வரம்புள்ள நெடுஞ்சாலையில் 82ல் போன பையனைச் செய்தியாக்குவது வெட்டி வேலை. ஊருக்குள் 45 மைல் சாலையில் 89ல் போன பையனைப் பற்றிச் செய்தி வராவிட்டால் அதுதான் தப்பு. முதலாமவன் எல்லோரும் செய்வதைச் செய்தான். இரண்டாமவன் யாரையாவது கொன்றுவிடக்கூடிய நிலையில் இருந்தான். இரண்டுக்கும் "ஸ்பீடிங்" என்று ஒரே பெயர் வைத்திருப்பதால் ரசிகர்களும் ஊடகங்களும் பயிற்சியாளர்களும் தங்களுக்கு வசதியான அர்த்தத்தை எடுத்துக்கொள்கிறார்கள். நான் இந்த ஆட்டத்தைப் பல வருஷமாகத் தொடர்ந்து பார்ப்பவன். இந்தக் குழப்பத்துக்கு உயிர்ப்பலி ஆகியிருக்கிறது என்பதால்தான் நீளமாக எழுதுகிறேன்.

முதலில், இந்த ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே ஃபுட்பால் என்பது ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டை வடிவப் பந்தை வைத்து ஆடுவது. கல்லூரி ஆட்டம் என்றவுடன் நம் ஊர்க் கல்லூரி மைதானத்தை நினைக்கக் கூடாது. ஜார்ஜியா பல்கலைக்கழகம் இருக்கும் ஏதென்ஸ் நகரத்தின் மக்கள்தொகை சுமார் 1.28 லட்சம். அங்கே இருக்கும் சான்ஃபர்ட் ஸ்டேடியத்தில் ஏறக்குறைய 93,000 பேர் உட்காரலாம். ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு இடம் உண்டு, சனிக்கிழமை ஆட்டம் என்றால் நிரம்பிவிடும். ஆடுபவர்கள் பெரும்பாலும் 18 முதல் 22 வயதுப் பிள்ளைகள். ஊரில் அவர்களை அடையாளம் தெரியாத ஆளே இல்லை. சாலையில் நிறுத்தும் போலீஸ்காரருக்கும் தெரியும்.

ஒரு டிக்கெட் எப்படி வெளியே வருகிறது? நிருபர் யாரும் சாலையில் ஒளிந்து நிற்பதில்லை. ஜார்ஜியாவில் போக்குவரத்துக் குற்றங்கள் பெரும்பாலும் 'மிஸ்டிமீனர்' எனப்படும் சிறு குற்றங்கள். கையில் டிக்கெட்டைக் கொடுத்து அனுப்புவதா, விலங்கு மாட்டி ஜெயிலுக்குக் கொண்டுபோவதா என்பது பல சமயம் அந்தப் போலீஸ்காரர் கையில் இருக்கிறது. சீட் பெல்ட் போடாததற்குக்கூடக் கைது செய்யலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001ல் டெக்சஸ் வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது. ஜெயிலுக்குப் போனால் பெயர், வயது, குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை எல்லாம் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஜெயில் பதிவேட்டில் ஏறும். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அணியைப் பற்றி எழுதும் உள்ளூர் நிருபர்கள் தினமும் அதைப் பார்ப்பது வழக்கம். மாணவர் விவரங்களைக் காக்கும் கூட்டாட்சிச் சட்டம் போலீஸ் ஆவணங்களைக் காப்பாற்றாது. ஆக, காலையில் பதிவேட்டில் பெயர் ஏறினால் மதியத்துக்குள் "கைது" என்று தலைப்பு வந்துவிடும்.

இதில் ஒரு விபரீதம் இருக்கிறது. ஒரே வேகத்தில் போன இரண்டு வீரர்களில் ஒருவர் டிக்கெட்டோடு வீட்டுக்குப் போவார், இன்னொருவர் ஆரஞ்சு உடையில் எடுத்த போட்டோவோடு செய்தியில் வருவார். போட்டோ இருக்கிறவர் மேல் நாடே பாயும். டிக்கெட் மட்டும் வாங்கியவரைப் பற்றி யாருக்கும் தெரியாது, ஏதாவது பெரிதாக நடக்கிற வரைக்கும்.

ஏதென்ஸில் நடந்தது அதுதான்.

2022 செப்டம்பரில் ஜார்ஜியா அணியின் நட்சத்திரத் தடுப்பு வீரர் ஜேலன் கார்ட்டரை அந்த ஊர்ப் போலீஸ் நிறுத்தியது. 45 மைல் சாலையில் 89 மைல். கிலோமீட்டரில் சொன்னால் 72 போக வேண்டிய இடத்தில் 143. ஓட்டியது ஜீப் டிராக்ஹாக். பார்க்கக் குடும்ப வண்டி மாதிரி இருக்கும், உள்ளே 707 குதிரைத்திறன் இன்ஜின். போலீஸ்காரர் அவரைக் கைது செய்யவில்லை. உன்னை ஜெயிலுக்குக் கொண்டுபோகாமல் விடுவதே உனக்குக் காட்டும் சலுகை, உன் கூட்டாளிகளையும் வேகத்தைக் குறைக்கச் சொல் என்ற அர்த்தத்தில் புத்தி சொல்லி டிக்கெட் கொடுத்து அனுப்பினார். அவர் சட்டையில் இருந்த கேமரா பதிவு பின்னால் வெளியானதால் இது நமக்குத் தெரிகிறது. கூட்டாளிகளையும் சேர்த்துச் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். இவர் ஒருவர் மட்டும் இப்படி ஓட்டவில்லை என்பது சாலையில் நிற்பவருக்குத் தெரிந்திருந்தது. அந்த வாரம் இது செய்தியும் ஆகவில்லை, விவாதமும் ஆகவில்லை. அணி ஜெயித்துக்கொண்டிருந்தது.

2023 ஜனவரி 9 அன்று ஜார்ஜியா 65-7 என்ற கணக்கில் டிசியூ என்ற டெக்சஸ் பல்கலைக்கழக அணியைத் துவைத்துத் தொடர்ந்து இரண்டாவது முறையாகத் தேசியச் சாம்பியன் ஆனது. 14ஆம் தேதி சனிக்கிழமை ஏதென்ஸில் வெற்றி ஊர்வலம். அன்றிரவு கொண்டாட்டம் முடிந்து 15ஆம் தேதி அதிகாலை இரண்டே முக்கால் மணி வாக்கில் பார்னெட் ஷோல்ஸ் சாலையில் ஒரு ஃபோர்டு எக்ஸ்பெடிஷன் கட்டுப்பாடு இழந்து மின்கம்பங்களிலும் மரங்களிலும் மோதியது. உள்ளே நான்கு பேர். டெவின் வில்லக் என்ற 20 வயது வீரரும், வண்டியை ஓட்டிய 24 வயதுப் பெண்ணும் இறந்துபோனார்கள். அந்தப் பெண் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். மற்ற இருவருக்கும் காயம், அதில் ஒருவருக்குப் பலத்த காயம். வண்டி விளையாட்டுத் துறை வாடகைக்கு எடுத்திருந்தது.

போலீஸ் விசாரணை முடிவு மார்ச் 1 அன்று வந்தது. அந்த வண்டியும் கார்ட்டரின் டிராக்ஹாக்கும் போட்டி போட்டுக்கொண்டு போயிருக்கின்றன. எதிர்த் தடத்தில் ஏறியும், நடுவில் திரும்புவதற்கென்று விட்டிருக்கும் தடத்தில் புகுந்தும், மற்ற வண்டிகளை முந்தியும் ஓட்டியிருக்கிறார்கள். மோதுவதற்குச் சற்று முன் எக்ஸ்பெடிஷனின் வேகம் மணிக்குச் சுமார் 104 மைல். அங்கே வரம்பு 40. ஓட்டிய பெண்ணின் ரத்தத்தில் ஆல்கஹால் அளவு 0.197, சட்ட வரம்பு 0.08.

இந்த 104ஐயும் 40ஐயும் கொஞ்சம் நின்று பாருங்கள். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்று பள்ளியில் படித்திருப்போம். வேகம் 2.6 மடங்கு, ஆற்றல் ஏறக்குறைய 7 மடங்கு. பிரேக் போட்டு நிற்கத் தேவைப்படும் தூரமும் கிட்டத்தட்ட அதே கணக்கில் ஏறும். 40 மைலுக்கென்று வளைத்துப் போட்ட ஊர்ச் சாலையில் இதற்கு எந்தத் திறமையும் உதவாது. இருபது வயதில் உடம்பு சொன்னபடி கேட்கும், மைதானத்தில் நொடியில் திரும்ப முடியும். வண்டியிலும் அப்படித்தான் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி அப்படித் திரும்பாது.

கார்ட்டர் மேல் பொறுப்பற்ற ஓட்டம், பந்தயம் என்று இரண்டு சிறு குற்றச்சாட்டுகள். அவர் வழக்கை எதிர்த்து வாதாடவில்லை. 12 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு, 1,000 டாலர் அபராதம், 80 மணி நேர சமூக சேவை, பாதுகாப்பாக ஓட்டுவதற்கான வகுப்பு. அவ்வளவுதான். மோதிய வண்டியை அவர் ஓட்டவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

என்னை அப்போது மிகவும் வருத்தியது அந்த வாரத்து விளையாட்டுப் பேச்சு. பிடிவாரண்ட் வந்தபோது கார்ட்டர் இண்டியானாபோலிஸில் தொழில்முறை அணிகள் புது வீரர்களைச் சோதித்துப் பார்க்கும் முகாமில் இருந்தார். டிவியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி: இதனால் அவர் டிராஃப்டில், அதாவது தொழில்முறை அணிகள் வரிசையாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எத்தனை இடம் கீழே இறங்குவார்? முதலிடத்துக்கே போகலாம் என்று பேசப்பட்டவரை ஒன்பதாவது இடத்தில் பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் எடுத்தது. 2025 பிப்ரவரியில் அந்த அணி தொழில்முறை ஆட்டத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை ஜெயித்தபோது அவர் முக்கியமான வீரர். "பார்த்தீர்களா, எல்லாம் சரியாகிவிட்டது" என்று எழுதிய ரசிகர்களை நான் படித்தேன். வில்லக்கின் வீட்டில் எதுவும் சரியாகவில்லை.

அட்லாண்டாவின் நாளிதழ் இந்த விஷயத்தில் தன் வேலையைச் செய்தது. செப்டம்பர் டிக்கெட்டைத் தோண்டி எடுத்தது. விபத்து இடத்திலிருந்து கார்ட்டர் போய்விட்டுத் திரும்பி வந்ததை எழுதியது. ஊடகம் ஊதிப் பெருக்குகிறது என்று சொல்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன். ஊடகத்தின் தவறு இங்கே அதிகமாக எழுதியது இல்லை, ஆட்கள் செத்த பிறகு எழுதியது. செப்டம்பரிலேயே "ஜார்ஜியா வீரர்கள் ஊருக்குள் எந்த வேகத்தில் ஓட்டுகிறார்கள்" என்று ஒரு நிருபர் டிக்கெட்டுகளை எல்லாம் கேட்டு வாங்கி அடுக்கியிருந்தால் அது வெறும் கிசுகிசுவாக இருந்திருக்காது.

சரி, ரசிகர்களுக்கு வருவோம். இவர்கள் பேசுவது ஏறக்குறைய எப்போதும் ஒரே பாட்டைத்தான், பாடுபவர் மட்டும் மாறுவார். சொந்த அணி வீரர் மாட்டினால்: "எல்லோரும்தான் வேகமாகப் போகிறார்கள்", "சின்ன ஊர்ப் போலீசுக்கு வேறு வேலை இல்லை", "மற்ற ஊரில் போலீஸ் மறைத்துவிடும், எங்கள் ஊரில் எழுதிவிடுகிறார்கள்", "பையன்தானே". எதிரணி வீரர் மாட்டினால் அதே ஆள் "ஒழுக்கமே இல்லாத அணி, பயிற்சியாளரைத் தூக்கு" என்பார். 2000களின் நடுவில் 'ஃபுல்மர் கோப்பை' என்று ஒரு கேலி விருதே இருந்தது. சீசன் இல்லாத மாதங்களில் எந்த அணியின் வீரர்கள் அதிகம் கைதானார்கள் என்று குற்றத்துக்கு இவ்வளவு புள்ளி என்று கணக்கு வைத்துப் பட்டியல் போட்டார்கள். டென்னசியின் முன்னாள் பயிற்சியாளர் பெயரில். நன்றாக எழுதப்பட்ட நகைச்சுவைதான், நானும் படித்தவன். ஆனால் கைது என்பது அணிகளுக்கு இடையே இன்னொரு ஸ்கோர் என்று ஒரு தலைமுறை ரசிகர்களைப் பழக்கியதில் அதற்குப் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். ஸ்கோர் என்று ஆகிவிட்டால் 82க்கும் 104க்கும் வித்தியாசம் போய்விடுகிறது. இரண்டும் ஒரு கைது, இரண்டும் ஒரு மீம்.

சொந்த ரசிகர்களின் சாக்குகளில் எல்லாமே வெறும் சாக்கு இல்லை. போலீஸ் குறிவைக்கிறது என்பதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஏதென்ஸில் 2010 வாக்கில் வீரர்களை ஸ்கூட்டர் ஓட்டியதற்காக எல்லாம் பிடித்தார்கள், லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆனவர் ஸ்கூட்டரில் போனார் என்று ஜெயிலில் போட்டார்கள். அப்போது ரசிகர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. இதைவிட ஆழமான விஷயம் நிறம். இந்த வீரர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பிள்ளைகள். ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாடு முழுக்க ஏறக்குறைய 10 கோடி வாகன நிறுத்தங்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்து 2020ல் வெளியிட்டார்கள். இருட்டிய பிறகு, அதாவது ஓட்டுபவரின் நிறம் வெளியிலிருந்து தெரியாதபோது, நிறுத்தப்படுபவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு குறைந்தது. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? விலையுயர்ந்த காரில் ஒரு கறுப்பினப் பையன் போனால் கண் உறுத்துகிற போலீஸ்காரர்கள் இருக்கிறார்கள். 78க்கும் 82க்கும் டிக்கெட் வாங்கியவர் விஷயத்தில் அந்தச் சந்தேகத்தை நான் மதிக்கிறேன். 45ல் 89 என்று ரேடார் காட்டும்போது அந்த வாதம் நிற்காது. அந்தப் பிள்ளைகளின் உயிருக்காகவே நிற்கக் கூடாது. பார்னெட் ஷோல்ஸ் சாலையில் இறந்துபோன வீரரும் கறுப்பினப் பையன்தான்.

இன்னொரு காலத்தில் டிக்கெட் வேறு காரணத்துக்காகச் செய்தியானது. வீரர்கள் சம்பாதிக்கவே கூடாது என்று விதி இருந்த காலம் அது. அப்போது டிக்கெட் வந்தால் நிருபர் பார்த்தது வேகத்தை இல்லை, வண்டி யார் பெயரில் இருக்கிறது என்பதை. ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) டெரல் பிரையர் சில வருஷங்களில் மூன்று முறை டிக்கெட் வாங்கியபோது அவர் ஓட்டியவை கார் டீலருக்கோ விற்பனையாளருக்கோ சொந்தமான வண்டிகள் என்று 2011ல் பத்திரிகைகள் டிக்கெட்டுகளை வைத்தே கண்டுபிடித்தன. அந்த அணியின் வேறு முறைகேடுகளும் சேர்ந்து அந்த மே மாதம் பயிற்சியாளர் ஜிம் டிரெசல் ராஜினாமா செய்தார், அடுத்த மாதம் பிரையரும் போனார். வீரர்களுக்குக் காரைச் சல்லிசாகக் கொடுத்ததற்கு ஆதாரம் இல்லை என்று மாநில வாகனத்துறை பிறகு சொன்னது. அந்த ஊர் முழுக்க மாதக்கணக்கில் காரைப் பற்றிப் பேசியது, ஒருவர்கூட அந்தக் கார் போன வேகத்தைப் பற்றிக் கவலைப்பட்டதாக நினைவில்லை.

2021 ஜூலை 1 முதல் அந்த விதி போய்விட்டது. வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். டீலர்கள் முதலில் ஓடிவந்தார்கள். டெக்சஸின் பிஜான் ராபின்சனுக்கு லம்போர்கினி, ஒஹையோ ஸ்டேட்டின் சி.ஜே. ஸ்ட்ரௌடுக்கு பென்ட்லி என்று 2022ல் படம் படமாக வந்தது. அவர்கள் சம்பாதிப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஸ்டேடியத்தை நிரப்புபவர்கள் அவர்கள், பணம் அவர்களுக்கு எப்போதோ போயிருக்க வேண்டும். ஆனால் 19 வயதில் 700 குதிரைத்திறன் வண்டி கைக்கு வருவது இந்தத் தலைமுறைக்குத்தான் புதிது. அமெரிக்காவில் 2021ல் வேகம் காரணமான விபத்துகளில் 12,330 பேர் இறந்தார்கள். உயிர்ப்பலி விபத்துகளில் சிக்கிய 15 முதல் 20 வயது வரையுள்ள ஆண் ஓட்டுநர்களில் சுமார் மூன்றில் ஒருவர் வேக வரம்பை மீறியவர். இது ஃபுட்பால் வீரர்களுக்கு மட்டுமான நோய் இல்லை, அந்த வயதுக்கே உள்ளது. அந்த வயதுக்கு அந்த இன்ஜினைக் கொடுக்கிறவர்கள் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இந்த வேகம் கல்லூரிக்குப் பின்னால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஹென்றி ரக்ஸ் கதை ஓர் உதாரணம், அறிந்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். அலபாமாவில் ஆடியவர். 2020 தேர்வு முகாமில் 40 கஜ ஓட்டத்தை 4.27 வினாடியில் ஓடினார். அந்த வேகத்துக்காகவே ரெய்டர்ஸ் என்ற தொழில்முறை அணி அவரை முதல் சுற்றில் எடுத்தது. 2021 நவம்பர் 2 அதிகாலை லாஸ் வேகஸில் 45 மைல் சாலையில் அவருடைய கார்வெட் 156 மைல் தொட்டது. முன்னால் போன காரில் மோதி, தீப்பிடித்து, 23 வயதுப் பெண்ணும் அவருடைய நாயும் இறந்தார்கள். ரக்ஸும் குடித்திருந்தார். 2023 ஆகஸ்டில் 3 முதல் 10 வருஷச் சிறை. 2024 மார்ச்சில் டல்லஸில் சீஃப்ஸ் என்ற தொழில்முறை அணியின் வீரர் ரஷீ ரைஸ் 119 மைல் வேகத்தில் லம்போர்கினி ஓட்டிப் பல வண்டிகள் மோதக் காரணமானார். கூடப் போன கார்வெட்டை ஓட்டியது அவர் படித்த எஸ்எம்யூ பல்கலைக்கழகத்தின் அப்போதைய வீரர். பல்கலைக்கழகம் அந்தக் கல்லூரி வீரரை இடைநீக்கம் செய்தது. ரைஸுக்கு 30 நாள் ஜெயில், ஐந்து வருஷக் கண்காணிப்பு, ஆறு ஆட்டத் தடை. ஜோர்டன் அடிசன் கல்லூரியை விட்டு மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணிக்கு வந்த சில மாதங்களில், 2023 ஜூலையில், 55 மைல் சாலையில் 140ல் பிடிபட்டார். வீட்டில் நாய்க்கு அவசரம் என்றார். நல்லவேளை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அதனால் அந்தச் செய்தி நாய் ஜோக்காகவே முடிந்தது. 140 மைல் என்றால் மணிக்கு 225 கிலோமீட்டர்!

அப்புறம் ஜார்ஜியா என்ன செய்தது? ஒரு வீரரும் ஒரு ஊழியரும் செத்த பிறகும் கைதுகள் நிற்கவில்லை, அதுதான் கொடுமை. 2023லும் 2024லும் பொறுப்பற்ற ஓட்டம், பந்தயம் என்று வீரர்கள் பெயர் அடுத்தடுத்து வந்தது. பெயர்களை அடுக்க நான் விரும்பவில்லை, பலர் அதன்பின் ஒழுங்காக இருப்பவர்கள். பயிற்சியாளர் கர்பி ஸ்மார்ட் ஒவ்வொரு முறையும் ஏமாற்றம் தெரிவித்தார், வெளியாட்களை அழைத்து வந்து வகுப்பு எடுத்ததாகச் சொன்னார். 2024 ஜூலையில் டல்லஸில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில், ரசிகர்கள் பணம் போட்டு வீரர்களுக்கு வருமானம் தரும் கூட்டமைப்பு வழியாக அபராதமும் பிடிக்கிறோம் என்றார். நிருபர்கள் அவரை விடாமல் கேட்டதும் சரி, அவர் நெளிந்ததும் புரிகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட பையன்கள், இரவு இரண்டு மணிக்கு எல்லோர் பின்னாலும் ஒருவர் போக முடியாது. 2025 மார்ச்சிலும் இரண்டு பேர் கைது, அதில் ஒருவர் 65 மைல் சாலையில் 107. இந்த முறை இருவரையும் காலவரையின்றி இடைநீக்கம் செய்தார்கள். முன்னைவிட இது கடுமை, நல்ல மாற்றம்.

இப்போது கேள்வியின் கடைசிப் பகுதி: ஒரு மேட்ச் தடை போதாதா? போதாது என்பது என் தீர்மானமான கருத்து. 2024 மார்ச்சில் ஜார்ஜியாவின் ட்ரெவர் எட்டியன் குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதானார். அந்தக் குற்றச்சாட்டு பிறகு கைவிடப்பட்டு, பொறுப்பற்ற ஓட்டத்தை அவர் எதிர்த்து வாதாடாமல் ஏற்றார். ஆகஸ்ட் 31 அன்று கிளெம்சனுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் அவர் இல்லை. அதற்கு முந்தைய வாரங்களில் ரசிகர் உலகம் முழுக்க ஒரே பேச்சு: ஆடுவாரா மாட்டாரா? ஸ்மார்ட்டும் வாயைத் திறக்கவில்லை. ஜார்ஜியா 34-3 என்று ஜெயித்தது, பேச்சு அன்றோடு நின்றது. தடை என்பது ரசிகர்களுக்குப் பேச ஒரு பொருள், அணிக்கு ஒரு நாள் சங்கடம். தவறு நடந்தது மார்ச்சில், தண்டனை வந்தது ஆகஸ்டில், நடுவில் ஐந்து மாதம் கார் சாவி யாரிடம் இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

சாவியை வாங்க வேண்டும். ஜார்ஜியா சட்டமே அதற்கு வழி வைத்திருக்கிறது. 21 வயதுக்குக் கீழே உள்ளவர் வரம்பைவிட 24 மைலோ அதற்கு மேலோ போனதாகத் தண்டிக்கப்பட்டால் லைசென்ஸ் போய்விடும். 85 மைலோ அதற்கு மேலோ போனால் 'சூப்பர் ஸ்பீடர்' என்று 2010 முதல் கூடுதலாக 200 டாலர். ஆனால் நல்ல வக்கீல் வைத்தால் வேகத்தைக் குறைத்து எழுதி, லைசென்ஸில் குற்றப் புள்ளி ஏறாமல் பணத்தோடு முடித்துவிடலாம். பிரபல வீரருக்கு நல்ல வக்கீல் கிடைக்காமலா போவார்? அதனால் நீதிமன்றத்தை நம்பிக் காத்திருக்காமல் அணியே செய்யலாம். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கின்றன, முதல் வருஷ உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். ஒப்பந்தம் கையில் இருக்கிறது. வரம்பைவிட 25 மைல் தாண்டி ஒரு டிக்கெட் வந்தால் ஆறு மாதம் சொந்த வண்டி கிடையாது, அணி வண்டியில் வா என்று அதில் ஒரு வரி எழுதலாம். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியை வண்டியில் பொருத்தச் சொல்லலாம். 100 மைல் தாண்டியவர்களுக்கு அந்தக் கருவியை நீதிபதி உத்தரவிட வர்ஜீனியா மாநிலம் 2025ல் சட்டமே கொண்டுவந்தது. வீரர்கள் டிக்கெட் வாங்கினால் தானாகச் சொல்ல வேண்டும், சொல்லாமல் மறைத்தால் அதற்குத்தான் ஆட்டத் தடை. ஊழியர்களுக்கும் இதே விதி வேண்டும். ஏதென்ஸில் அந்த வண்டியை ஓட்டிய பெண்ணுக்கு முன்பே ஸ்பீடிங் டிக்கெட்டுகள் இருந்தன என்பதும், அப்படியும் அணி வண்டிகளை அவரிடம் கொடுத்தார்கள் என்பதும் பின்னால் பல்கலைக்கழக விளையாட்டுச் சங்கத்தின் மேல் போட்ட வழக்கில் முக்கியக் குற்றச்சாட்டாக வந்தது.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி கண்ணில் பட்டால், வீரர் எந்த அணி, கைதா டிக்கெட்டா, எந்த ஆட்டத்தைத் தவறவிடுவார் என்பதை எல்லாம் தாண்டி இரண்டு எண்களைத் தேடுங்கள்: எவ்வளவு வேகம், அந்தச் சாலையில் எவ்வளவு வரம்பு. பல செய்திகளில் முதல் எண் இருக்கும், இரண்டாவது இருக்காது. இல்லாவிட்டால் எழுதிய நிருபரிடம் கேளுங்கள், பெரும்பாலும் பதில் சொல்வார்கள், போலீஸ் அறிக்கையில் இருக்கும். வித்தியாசம் பத்து, பதினைந்து மைல் என்றால் அந்தப் பையனை விட்டுவிடுங்கள். நாற்பது என்றால், அவன் உங்கள் அணியாக இருந்தால் இன்னும் சத்தமாகக் கேளுங்கள்: இப்போது சாவி யாரிடம் இருக்கிறது?